பின்னால் சும்மா நிற்பவர்கள்

பரனகுவா துறைமுகம்
ஆகஸ்ட் 18

அன்புள்ள பொலிக்ஸேனி அக்காவுக்கு,

நான் காலில் நிற்கிறேன், ஆகவே நலம். நீயும் அத்தானும் அப்படியே நிற்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். மாதா பண்டிகையன்று எஞ்சின் அறையில்தான் இருந்தேன். சமையல்காரன் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் சூட்டில் அது ஏற்றுவதற்கு முன்பே வளைந்துவிட்டது.

ஒரு துக்கச் செய்தி. என் மடிக்கணினி செத்துப்போயிற்று. இந்த உப்புக்காற்றும் எண்ணெய்ப் புகையும் மனிதனையே தின்னும்போது அது எம்மாத்திரம்? அதில் ஆடிவந்த போர் விளையாட்டில் என் தீப்ஸ் நாட்டுப் படை பாதிப் போரில் நிற்கிறது. போன விடுமுறையில் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டு வந்தேனே, அங்கிருந்து நீ தொடர வேண்டும். வாரத்துக்கு ஒரு சுற்று ஆடினால் போதும். என்ன நடந்தது என்று எழுது. பிரேயஸில் எங்கள் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் கப்பல் பையில் வந்துவிடும். தொலைபேசி வேண்டாம். வலது காது போனதிலிருந்து அதில் எல்லாக் குரலும் பம்ப் சத்தமாகத்தான் கேட்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வை. படை என்றால் எல்லாம் கலந்து இருக்க வேண்டும். நடுவில் கேடயமும் நீள ஈட்டியும் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு முன்னால் கவண்காரர்கள், கல்லெறிந்துவிட்டு உள்ளே ஓடிவர. இரு பக்கமும் குதிரை. அதில் ஒன்று குறைந்தாலும் மற்றது நிற்காது.

இந்த ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிகிறது. அதோடு போதும். போன வருடம் நான் எஞ்சின் அறையில் மயங்கி விழுந்தபோது அந்தத் துறைமுக டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? "இன்னொரு தடவை ஏறினே, இறக்கித்தான் கொண்டுவரணும்." வருகிறேன் அக்கா. கீழ் அறையில், அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில், என் கட்டில் இருக்கட்டும். களைத்துவிட்டேன்.

உன் தம்பி,
அர்கிரிஸ்


மெலிஹோரி
செப்டம்பர் 3

அன்புத் தம்பி அர்கிரிக்கு,

நாங்கள் சுகம். என் முழங்கால் மட்டும் தனியாக ஒரு வாழ்க்கை வாழ்கிறது. உன் மூச்சு எப்படி இருக்கிறது? அதை நீ எழுதவே இல்லை.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், தோற்றுப்போனேன். நீ சொன்னபடி கவண்காரர்களைப் பார்த்தேன். சட்டை கூட இல்லாத பயல்கள். இவர்களை நம்பி எப்படி நிற்பது? எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கேடயக்காரர்களாக வாங்கி அடுக்கினேன். சுவர் மாதிரி பார்க்க அழகாகத்தான் இருந்தார்கள். எதிரி மாசிடோனியாக்காரன் அந்தச் சுவரைத் தொடவே இல்லை. சுற்றிக்கொண்டு வந்தான்.

உன் அத்தான் வாயோஸ் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறார். "ஏய், பின்னாடி பாருடி! குதிரை வந்துட்டான்!"

"பின்னாடி பாக்கத்தானே நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க, நீங்களே பாருங்க," என்றேன்.

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னொன்று, இந்த விளையாட்டில் நம் தெசலிச் சமவெளிக்குத் தனி நாடே கிடையாதாமே? குதிரைக்காரர்கள் மட்டும் கூலிக்குக் கிடைப்பார்களாம். நம்ம ஊர்க்காரனுக்கு அந்தக் காலத்திலும் இதே பிழைப்பா என்று அத்தான் கேட்கிறார்.

பருத்தி நன்றாக வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த வருடம் பரவாயில்லை. பிப்ரவரியில் கர்திட்சா பேருந்து நிலையத்துக்கு அத்தான் வருவார். இந்த முறையாவது பெட்டியை அவரிடம் கொடு. போன தடவை அவர் கை நீட்டினார், நீ தட்டிவிட்டு, மூச்சு வாங்க வாங்க நீயே தூக்கிக்கொண்டு நடந்தாய். "என் பெட்டிய யாரும் தொடக்கூடாது" என்று என்ன வீராப்பு!

கட்டில் அங்கேயேதான் இருக்கிறது. புது விரிப்பு போட்டிருக்கிறேன்.

அக்கா,
பொலிக்ஸேனி


மெலிஹோரி
செப்டம்பர் 14
(அனுப்பாத கடிதம்)

அர்கிரி,

சுகம் விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

மூன்று நாள் மழை. நாலாம் நாள் விடியும்போது ஆறு நம் சமையலறையில் இருந்தது. மத்தியானத்துக்குள் கதவு நிலைக்கு மேலே போய்விட்டது. மேல்மாடி என்று நீ காசு அனுப்பி, பாதி கட்டி, கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கிறதே, ஊரே கேலி செய்யுமே, அதில்தான் ஏறி உட்கார்ந்தோம். படகு வரும்வரை நானும் வாயோஸும் மூன்று கோழிகளும். பருத்தி போயிற்று. ஆடுகள் போயின. உன் அறையில் ஒன்றும் மிச்சமில்லை. கட்டில், துணி, கம்ப்யூட்டர், எல்லாம் சேறு. வாயோஸ் கம்ப்யூட்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்திருக்கிறார். காய்ந்தால் ஓடும் என்கிறார்.

இதை நீ படித்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே காப்டனிடம் போய் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாய். வீடு போனால் மெதுவாகக் கட்டலாம். நீ அந்த எஞ்சின் அறையில் விழுந்தால் நான் எதைக் கட்டுவேன்?

அதனால் இது உனக்கு வராது.


மெலிஹோரி
செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் நலம்தான் எங்களுக்கு வேண்டும். இங்கே கொஞ்சம் மழை பெய்தது. தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது, எப்போது சரிசெய்வார்கள் என்று தெரியவில்லை. நீ கூப்பிட்டுப் பார்த்துக் கவலைப்படாதே.

உன் சொல்படி கவண்காரர்களைத் திரும்ப வாங்கினேன். கேடயக்காரர்களைக் குறைத்தேன். பக்கத்துக்கு இரண்டு குதிரைப் படை. படையை மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். சமவெளி ரொம்ப ஈரமாக இருந்தது. எல்லாரும் பத்திரம்.

நீ பிப்ரவரியில் வந்து பார்க்கத்தானே போகிறாய்.

அக்கா


அல்ஹெசிராஸ்
அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. இரண்டையும் பலமுறை படித்தேன். இங்கே எல்லாம் பழையபடிதான். புது எலக்ட்ரீஷியன் ஒருவன் ஏறியிருக்கிறான். பெயர் ஸ்டெர்யோஸ், திரிகலாக்காரன், நமக்குப் பக்கம்தான். வாய் ஓயாமல் பேசுகிறான். நான் கேட்கிற காதை அவன் பக்கம் வைத்துக்கொள்கிறேன்.

படையை மேட்டில் ஏற்றியது நல்ல காரியம். சமவெளி காயும்வரை இறக்காதே.

இப்போது நீ மறந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஈட்டிப் படைகளைப் பின்னால் நிறுத்து. சண்டையில் விடாதே. ஒன்றும் செய்யாமல் நிற்கட்டும். முன்வரிசைக்காரன் எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் களைப்பான். படையின் மேல் மவுசை வைத்தால் அங்கே எழுதியே காட்டும்: தெம்பு, களைப்பு, தளர்ச்சி. தளர்ந்துவிட்டால் அவனைப் பின்னால் இழு, சும்மா நின்றவனை முன்னால் விடு. ஊரில் பாதிப் பேர் தோற்பது இதனால்தான். காசு கொடுத்து எவனாவது சும்மா நிற்க ஆள் வைப்பானா என்று எல்லாரையும் முன்னால் அனுப்பிவிடுகிறார்கள்.

அப்புறம், களைத்தவர்களை ஓடவிடாதே. நடக்கவிடு. எவ்வளவு அவசரமானாலும்.

நீ தூங்குகிறாயா அக்கா? அத்தானுக்கு இடுப்பு வலி எப்படி? சேற்றில் இறங்கி வேலை செய்யவிடாதே.

அர்கிரிஸ்


மெலிஹோரி
நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் நடமாடுகிறோம். அத்தானுக்கு இடுப்பு வழக்கம்போல. அவருக்கு ஏது சேறு, சாவடிக் கடையில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்.

உன் பின்வரிசையைப் பற்றி இங்கே பெரிய சண்டை.

"சும்மா நிக்கறதுக்கு ரெண்டு படையா? சோறு யாரு போடறது?" என்கிறார் அத்தான்.

"உங்களுக்குப் போடலையா?" என்றேன்.

வைத்துவிட்டோம், இரண்டு படை. மாசிடோனியாக்காரன் இடது பக்கமாக வந்தான். முன்வரிசை தளர்ந்தது. நீ சொன்னபடி மெல்ல நடத்திப் பின்னால் கொண்டுவந்து, மற்றவர்களை அனுப்பினேன். ஜெயித்துவிட்டோம் அர்கிரி! அத்தான் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினதில் படையே சிதறிவிட்டது.

சண்டை முடிந்ததும் எல்லாரையும் பருத்தி எடுக்க வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். பாவம், அவர்களுக்கும் வயல் இருக்காதா? எடுத்துமுடித்து மாத முதலில் திரும்பி வருவார்கள்.

பிப்ரவரியில் எந்தத் தேதி என்று சொல். கோழி அடிக்க வேண்டும், அதற்குத்தான் கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

அக்கா


கடலில்
டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வருகிற வருடம் உங்களுக்குத் திடமாக இருக்கட்டும். தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

ஜெயித்தது கேட்டு மகிழ்ச்சி. வீரர்களைப் பருத்திக்கு அனுப்பியது நல்லது. நான் நடத்தியபோது அவர்களுக்கு அந்த யோகம் இல்லை.

தேதி இன்னும் உறுதியாகவில்லை. கப்பல் எங்கே போகிறது என்று கப்பலுக்கே தெரியாது. கோழியை இப்போதைக்கு விட்டுவை. புத்தாண்டுக் கேக்கில் என் பெயருக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கேக்குக்குள் ஒளித்துவைக்கிற காசு அதில் வந்தால் அத்தானுக்கு.

தளபதியை முன்னால் விடாதே. அவன் விழுந்தால் மற்றவர்கள் ஓடிவிடுவார்கள்.

அர்கிரிஸ்


மெலிஹோரி
ஜனவரி 24

அர்கிரி,

நீ நலமா என்று கேட்கமாட்டேன். நீ பொய் சொல்வாய்.

தேதி கேட்டு பிரேயஸ் அலுவலகத்துக்குப் பேசினேன். பாதிரியார் வீட்டுத் தொலைபேசியிலிருந்து. அந்தப் பெண் ரொம்ப இனிமையாகச் சொன்னாள். "உங்க தம்பியா? அவர் அக்டோபர்லயே செப்டம்பர் வரைக்கும் நீட்டிட்டாரேம்மா. அவரே கேட்டு வாங்கினது."

அக்டோபர்! அப்புறம் எனக்கு "தேதி உறுதியாகவில்லை" என்று எழுதுகிறாய். அடப்பாவி, கோழியை விட்டுவையாம்!

வெள்ளத்தைப் பற்றி யார் சொன்னது உனக்கு? அந்தத் திரிகலாக்காரன்தானே? சரி, தெரிந்துவிட்டதல்லவா, முழுக்கத் தெரிந்துகொள். கீழ்த்தளம் போயிற்று. பருத்தி, ஆடு, உன் அறை எல்லாம் போயிற்று. உன் மேல்மாடியில்தான் இருக்கிறோம், ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் அடித்து. உன் கம்ப்யூட்டர் செப்டம்பரிலேயே செத்துவிட்டது. இப்போது அதன்மேல் கோழி படுக்கிறது.

உன் போரை நாங்கள் மேஜையில் நடத்தினோம். நிவாரணப் பொட்டலத்தில் வந்த வெள்ளை மொச்சை, ஈட்டிக்காரர்கள். துவரை மாதிரி அந்தச் சின்னப் பருப்பு, கவண்காரர்கள். குதிரைக்கு ஆலிவ். வாயோஸ்தான் மாசிடோனியா. ஒரு பக்கத்துக் குதிரைப்படையை அவர் தின்றுவிட்டதால்தான் இடதுபக்கம் இடிந்தது, அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. சிரிக்காதே. அந்த மாதங்களில் சாயங்காலம் ஆனால் எங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

நான் பொய் சொன்னது நீ வருவதற்காக. நீ பொய் சொன்னது எதற்கு?

அக்கா


லாஸ் பால்மாஸ்
பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன் என்று எழுதி அடித்துவிட்டேன். ஜனவரியில் ஒருமுறை தலை சுற்றியது. ஏணியிலேயே உட்கார்ந்தேன். ஸ்டெர்யோஸ் மேலே தூக்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

ஆமாம், அவன்தான். அல்ஹெசிராசில் ஏறிய அன்றே, "மெலிஹோரியா உங்க ஊரு? அண்ணே, எப்படி ஆறுதல் சொல்றதுன்னு தெரியல" என்றான். நான் நம்பவில்லை. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சமவெளி ஈரமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். அந்த விளையாட்டில் எங்கே அக்கா ஈரம்? அன்று மத்தியானமே காப்டனிடம் போய்விட்டேன்.

பிறகு பருத்தி. அதைப் படித்துக் கழிவறையில் போய் அழுதேன், சொல்வதற்கென்ன. அந்த விளையாட்டில் படையைக் கலைக்கலாம். கலைத்தால் அவர்கள் இல்லாமல் போய்விடுவார்கள். வீட்டுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வா என்று அனுப்புவதற்குப் பொத்தான் கிடையாது. எனக்குத் தெரியும், எத்தனையோ வருடம் தேடியிருக்கிறேன். உன் வீரர்கள்தான் வீட்டுக்குப் போனார்கள்.

செப்டம்பர் வரை நிற்கிறேன். கீழ்த்தளச் சுவர் எழும்பிவிடும், கதவு ஜன்னல் ஆகிவிடும். நான் முன்னால் நிற்காவிட்டால் யார் நிற்பது? நீ சொல்.

மொச்சையைத் தூக்கிப்போட்டுவிடாதே.

அர்கிரிஸ்


மெலிஹோரி
மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

ஏணியில் உட்கார்ந்தாயாம். அவ்வளவுதானாம். இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீ கேட்டாய், நான் சொல்கிறேன். உட்கார்ந்து கேள்.

உன் பாடத்தை நான் உன்னைவிட நன்றாகப் படித்திருக்கிறேன். நேற்று மேஜையில் நம் படையை அடுக்கினேன். விளையாட்டுப் படை இல்லை, நம் படை. ஒரு மொச்சை நான். ஒரு மொச்சை வாயோஸ். நாங்கள் இப்போது முன்னால்தான் நிற்கிறோம். சேறு முழுக்க அள்ளியாயிற்று. சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. வசந்தத்தில் வாயோஸ் விதைக்கப் போகிறார், விதை கூட்டுறவில் கொடுக்கிறார்கள். ஜன்னல் ஒன்று வந்துவிட்டது, மற்றதெல்லாம் மெதுவாக வரும். மூன்றாவது மொச்சை நீ. இருபத்தாறு வருடமாக நீ ஒருவனே முன்வரிசை. அம்மாவின் மருத்துவம், என் கல்யாணம், இந்த மேல்மாடி எல்லாவற்றுக்கும் நீதான். உன் மேல் மவுசை வைத்தால் என்ன எழுதிக் காட்டும்? அதைச் சொல்ல எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

எங்களிடம் இல்லாதது பின்னால் சும்மா நிற்கிற ஆள். நான் தளரும்போது திரும்பிப் பார்த்தால் அங்கே யாராவது நிற்க வேண்டும். அவன் ஒன்றும் செய்ய வேண்டாம். காசு அனுப்ப வேண்டாம், செங்கல் தூக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கோழியைத் திட்டினால் போதும். அந்த இடம் காலி, அர்கிரி. கலந்த படை என்று நீதானே சொன்னாய்? ஒன்று குறைந்தாலும் மற்றது நிற்காது என்று நீதானே எழுதினாய்?

குருத்தோலை ஞாயிறு வாயோஸின் பெயர்நாள், அந்தக் குருத்தோலையின் பெயர்தானே அவருக்கு. ஊரில் இந்த வருடம் யாரும் பெயர்நாள் விருந்துக்கு வீட்டைத் திறப்பதில்லை, துக்க வீடு மாதிரி "கொண்டாடவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். வாயோஸ் அப்படிச் சொல்லமாட்டேன் என்கிறார். "நம்ம வீட்ல கதவே இல்ல. திறக்க மாட்டேன்னு எப்படிடி சொல்றது?" என்கிறார். மீன் வாங்குகிறோம். யார் வந்தாலும் சரி.

அந்தப் பிரேயஸ் பெண்ணிடம் பேசினேன். உடம்பு சரியில்லை என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இறக்கிவிடுவார்களாம். அந்த ஒரு வரி எழுத உனக்கு வலிக்கும், எனக்குத் தெரியும். எழுது.

வரும்போது ஓடாதே. நடந்து வா.

அக்கா


வாலென்சியா
ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

நலமில்லை. இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று. முதலில் காப்டனுக்கு எழுதினேன், இப்போது உனக்கு.

இறங்கிவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம்" என்றார். ஸ்டெர்யோஸ் துறைமுக வாசல்வரை வந்தான். அவன் மடிக்கணினியை எனக்குக் கொடுக்கப் பார்த்தான், வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் மொச்சை இருக்கிறது என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் கர்திட்சா வருகிறேன். அத்தானுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல். நிலையத்துக்கு வரச்சொல்.

பெட்டியை அவர் தூக்கட்டும்.

அர்கிரிஸ்